‘குதித்தேன்’ என்னும் வினைமுற்று

ஒரு சிறுகதையை இரண்டு மணி நேரம் அலசும் எங்கள் வாசகர் வட்டம் சென்ற மாதம் சிங்கப்பூரின் அங் மோ கியோவில் கூடியது. நண்பரின் மகள், தான் முடித்த காணொளி விளையாட்டு ஒன்றைப் பற்றிப் பேசினாள். படங்கள் அழகு, இசை அருமை, கதையில் தொய்வு என்றாள்.

“அதெல்லாம் சரியம்மா, உன் கை என்ன செய்தது?” என்று கேட்டேன்.

“ஓடினேன், குதித்தேன், விழுந்தேன், மாமா.”

படம் பார்த்து வருபவர் ‘நாயகன் குதித்தான்’ என்பார். இவளோ ‘குதித்தேன்’ என்கிறாள். விமர்சகர் கவனிக்க வேண்டியது அந்த விகுதியைத்தான்.

நம் ஆடுபுலி ஆட்டத்தை எண்ணிப் பாருங்கள். 3 புலி, 15 ஆடு, சில கோடுகள். கதை கிடையாது. ஆனாலும் ஆடுகள் நெருங்க நெருங்கப் புலிக்காரருக்கு மூச்சு முட்டுகிறது. யாரும் எழுதி வைக்காத அந்தத் திணறலை விதிகளே உண்டாக்குகின்றன.

டோமோஹிரோ நிஷிகாடோ 1978இல் உருவாக்கிய ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ விளையாட்டில் வேற்றுக்கோள் உயிரிகள் 55. திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும். ஒவ்வொரு முறையும் ஒரே ஓர் உயிரியைத்தான் நிரல் நகர்த்தும். ஆகவே மொத்தக் கூட்டமும் ஓரடி வைக்க ஏறத்தாழ ஒரு நொடி பிடிக்கும். சுட்டுச் சுட்டு 10 ஆகக் குறைத்துவிட்டால், நொடியில் ஆறில் ஒரு பங்கு போதும். கடைசி ஒன்று பாய்ந்தோடும். அன்றைய வன்பொருளின் இயலாமையால் நேர்ந்த வேகம் இது. நிஷிகாடோ அதைத் திருத்தாமல் வைத்துக்கொண்டார். வெற்றி நெருங்க நெருங்கப் பதற்றமும் கூடுகிறது; என்ன அருமையான முடிவு!

குதிப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. கண் கண்டதற்கு விரல் அசையக் கிட்டத்தட்டக் கால் நொடி ஆகிறது. அதனால் விளிம்பைத் தாண்டிய பிறகே பலர் பொத்தானை அழுத்துகிறார்கள். 2018இல் வந்த ‘செலஸ்டே’ போன்ற விளையாட்டுகள், கால் தரையை விட்ட பின்னும் நொடியின் சிறு பகுதிவரை தாவலை ஏற்றுக்கொள்கின்றன. அந்தச் சலுகையை நீக்கினால், ‘அழுத்தினேனே, குதிக்கவில்லையே!’ என்ற எரிச்சல்தான் மிஞ்சும். பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு தெரியவே தெரியாது. விளையாடாமல் எழுதப்படும் விமர்சனத்தை நான் நம்பாதது இதனால்தான்.

உட்லண்ட்ஸ் எல்லைச் சோதனைச்சாவடி வரிசையில் கால் கடுக்க நின்றவர்கள், லூகஸ் போப் 2013இல் வெளியிட்ட ‘பேப்பர்ஸ், பிளீஸ்’ விளையாட்டை அவசியம் ஆடிப் பார்க்க வேண்டும். அதில் முகப்புக்குள் உட்கார்ந்திருக்கும் அதிகாரி நீங்கள்தான். எத்தனை பேரின் ஆவணங்களைச் சரியாகச் சோதிக்கிறீர்களோ அதற்கேற்பச் சம்பளம். அதில்தான் குடும்பத்தின் சாப்பாடும், குளிருக்கு வெப்பமும். ஒருநாள் கணவர் முறையான ஆவணங்களோடு கடந்துபோகிறார். பின்னால் வரும் மனைவியிடம் ஓர் அனுமதிச்சீட்டு இல்லை. இரங்கி விட்டுவிட்டால் எச்சரிக்கைத் தாள் வரும். தவறுகள் சேர்ந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள். திரைப்படமும் இந்தக் காட்சியில் நம்மை அழவைக்கும். ஆனால் குற்றவுணர்வு வர, முத்திரை நம் கையில் இருந்திருக்க வேண்டும்.

நண்பரின் மகளிடம் இதை ஆடிப் பார்க்கச் சொன்னேன். நேற்றிரவு குறுஞ்செய்தி அனுப்பியிருந்தாள்: “மனைவியைத் திருப்பி அனுப்பிவிட்டேன், மாமா.”