கழுத்துக்கு நேரே வைப்பது கதிர் அடிக்கும் மிஷின் இல்லை

“அந்த மிஷின் கழுத்துல கதிரைப் பாய்ச்சுமாம்லா?” என்று கேட்டு, மனைவியை வாசலோடு திருப்பிக் கூட்டிப்போகப் பார்த்தார் வள்ளியூர்ப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர். அந்த அம்மாவுக்குத் தைராய்டு சுரப்பு அதிகம். கை நடுக்கம், படபடப்பு. அதற்குத்தான் அப்டேக் டெஸ்ட்: கதிரியக்க அயோடின் கேப்சூலை விழுங்க வைத்து, அதில் எத்தனை சதவீதத்தைத் தைராய்டு இழுத்துக்கொண்டது என்று மறுநாள் கழுத்துக்கு நேரே மிஷினை வைத்து எண்ணுவோம். பேசிப் பேசி உட்கார வைத்தோம். மறுநாள் கணக்கு ஒரு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. அப்புறம்தான் மஞ்சப்பையிலிருந்து வெளியே வந்தது, இரண்டு வாரத்துக்கு முன் மருந்து ஏற்றி எடுத்த சி.டி. ஸ்கேன் படம். டெஸ்ட் வீண். இப்படி எத்தனை பேர்!

முதலில் அந்த மிஷின். அதிலிருந்து எந்தக் கதிரும் வெளியே வராது. எக்ஸ்ரேயிலும் சி.டி.யிலும் மிஷின் கதிரை அனுப்புகிறது. அப்டேக் டெஸ்டில் அப்படியில்லை. ஈயக் குழலுக்குள் ஒரு சோடியம் அயோடைடு படிகம். நீங்கள் விழுங்கிய கேப்சூலில் இருக்கும் கதிரியக்க அயோடினான அயோடின்-131 கழுத்திலிருந்து காமா கதிரை வெளியிட, அது பட்டுப் படிகம் மினுக்கும். அந்த மினுக்கல்களை எண்ணுகிறோம், அவ்வளவுதான். தெர்மாமீட்டர் வைத்ததால் யாருக்காவது காய்ச்சல் வந்திருக்கிறதா? தொடையில் எதற்கு வைக்கிறீர்கள் என்றும் தினமும் கேட்கிறார்கள். ரத்தத்திலும் சதையிலும் ஓடும் அயோடினைக் கணக்கிலிருந்து கழிக்கத்தான்.

கதிர் என்றதும் கூடங்குளத்தை இழுக்கிறார்கள். நம் ஊரில் அந்தப் பயம் இருப்பது எனக்குப் புரிகிறது. ஆனால் கதிரியக்கத்தைக் கியூரியில் அளப்பார்கள்; இந்தக் கேப்சூலில் இருப்பது மைக்ரோகியூரி கணக்கு. சிகிச்சைக்குத் தருவதோ மில்லிகியூரி, அதாவது ஆயிரம் மடங்கு பெரிய அலகு. அயோடின்-131 எட்டு நாளுக்கொரு முறை பாதியாகக் குறைந்துகொண்டே போகும்.

டெஸ்டைக் கெடுப்பது நீங்கள் சொல்லாமல் விடும் விஷயம். சி.டி.க்கு ஏற்றும் மருந்தில் அயோடின் ஏராளம். அது உடம்பில் நிறைந்திருக்கும்போது தைராய்டு நம் கேப்சூலைச் சீந்தாது. 24 மணி நேரத்தில் சாதாரணமாக 10 முதல் 30 சதவீதம் வரை உள்ளே போகும். சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்யும் கிரேவ்ஸ் நோயில் பெரும்பாலும் அதைத் தாண்டும். சுரப்பி புண்பட்டு, சேர்த்து வைத்த ஹார்மோன் கசியும் தைராய்டு அழற்சியில் அடியோடு விழும். அழற்சி பெரும்பாலும் தானே அடங்கிவிடும், கிரேவ்ஸுக்கோ சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோல் மாத்திரை போன்ற சிகிச்சை வேண்டும். பொய்க் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டர் எந்தப் பக்கம் போவார்?

அதனால் பழைய ஃபைல், மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள். மருந்து ஏற்றிய சி.டி. என்றால் சில வாரம் தள்ளித்தான் டெஸ்ட். ஏற்றாமல் எடுத்த சி.டி.யால் தொந்தரவில்லை. இதயத்துக்கு அமியோடரோன் சாப்பிடுகிறவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும், அதன் அயோடின் மாதக்கணக்கில் தங்கும். தைராய்டு மாத்திரையை எப்போது நிறுத்துவது என்று டாக்டர் சொல்வார். பக்கத்து வீட்டுக்காரர் பேச்சைக் கேட்டு நிறுத்தாதீர்கள். மறுநாள் எண்ணிக்கைக்கு வராமல் தென்காசி பஸ் ஏறிவிட்டால் முதல் நாள் பட்ட பாடெல்லாம் பாழ்.

தாய்மார்களிடம் ஒரு வேண்டுகோள். அயோடின்-131 பாலில் இறங்கிக் குழந்தையின் தைராய்டுக்கே போய்ச் சேரும். பால் கொடுக்கிறீர்கள் என்று தெரிந்தால் வேறு பரிசோதனை யோசிக்கலாம். நாள் தள்ளிப்போயிருந்தால் கேப்சூலைத் தொடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள் அம்மா. மாமியார் எதிரே சொல்லக் கூச்சமாக இருந்தால் எங்கள் சிஸ்டரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், டெஸ்டை அப்போதே நிறுத்தி வைத்துவிடுவோம்.