உப்புத் தண்ணீர் எல்லாவற்றையும் கொன்றுவிடாது

இந்த மழைக்கும் அதே பேச்சு. மலசலகூடக் குழாயை நேராக ஓடையில் இறக்கியிருந்த வீட்டில் கேட்டால், "இங்கயா நிக்கப்போவுது மிஸ்? கடலுக்குப் போயிரும். உப்புத் தண்ணி எல்லாக் கிருமியையும் கொன்னுரும்" என்கிறார்கள். படித்தவர்களும் இதையே சொல்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

உப்பில் சில கிருமிகள் சாகும், சரி. ஆனால் குடலில் வாழும் ஈ.கோலை என்ற கிருமி கடலில், ஆய்வுகூடத் தட்டில் முளைக்காத நிலைக்குப் போய், உயிரோடு கிடக்கக்கூடியது. இன்னொரு குடல் கிருமியான என்டரோகொக்கஸ் உப்பை இன்னும் நன்றாகத் தாங்கும். கடலில் குளிக்கும் இடங்களைச் சோதிக்க அதைப் பயன்படுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். காலரா கிருமிக்கோ ஆறும் கடலும் கலக்கும் உவர்நீர் சொந்த வீடு மாதிரி. செத்த கிருமியும் தொல்லைதான். அதிலிருந்து சிதறும், அன்டிபயோட்டிக்குக்கு அடங்காமல் செய்யும் மருந்தெதிர்ப்பு மரபணுவைப் பக்கத்துக் கிருமி எடுத்துக்கொள்ள முடியும்.

கடல்நீரில் ஒரு மில்லிலீற்றருக்குச் சுமார் 10 இலட்சம் பாக்டீரியாக்கள் உண்டு. பெரும்பாலானவை தட்டில் முளைக்காதவை. அதனால்தான் தண்ணீரிலுள்ள மரபணுக்களையே வாசிக்கும் முறை வந்தது. மழைக்குப் பிறகு எடுத்த ஓடைத் தண்ணீரை நுண்துளை வடிதாளில் ஊற்றிப் பாருங்கள். கொஞ்சம் இறங்குவதற்குள் வெள்ளைத் தாள் தேத்தண்ணீர் நிறமாகி அடைத்துக்கொள்ளும். அந்தத் தாளில், மனிதக் குடல் கிருமிக்குரிய எச்எஃப்183 என்ற மரபணு அடையாளம் நிறையக் கிடைத்தால், அது பெரும்பாலும் மனிதக் கழிவு. மாட்டுக்கு வேறு அடையாளம். "சாணிதான் மிஸ்" என்று இனிச் சமாளிக்க முடியாது.

இந்த ஓடைகள் போய்ச் சேரும் சிற்றாறுகளான மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் சேர்ந்து களனி கங்கையாகி, 145 கிலோமீற்றர் ஓடிக் கொழும்புக்கு வடக்கே கடலில் விழுகிறது. வழியில் அம்பத்தலையில் கொழும்புக்குக் குடிநீர் எடுக்கிறார்கள். அதற்கும் முன்னால், கீழ் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) பிள்ளைகள் பீலியில் வாய் கொப்பளிக்கிறார்கள்.

குழாயை ஓடையிலிருந்து எடுங்கள். குழி நிறைந்தால் கழிவை உறிஞ்சி எடுக்கும் கலி பவுசரைக் கூப்பிடுங்கள். மழை இரவு பார்த்துத் திறந்துவிடாதீர்கள். மரக்கறித் தோட்டக்காரர்களே, கோழி எருவை ஓடைக்கரையில் குவிக்காதீர்கள். மிஞ்சிய அன்டிபயோட்டிக்கைக் கானில் கொட்டவே வேண்டாம்.

லயத்துக்கு ஒழுங்கான குழி கட்டித் தராத நிர்வாகங்களுக்கும் இது பொருந்தும். இடமில்லாத குடும்பத்தை மட்டும் திட்டி என்ன பயன்? அப்படியான லயங்களில் இருப்பவர்கள் தயவுசெய்து ஒன்றாகக் கையெழுத்து வைத்து, உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் எழுத்தில் கொடுங்கள். பிரதி ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.