தோசைக்கல்லில் ஒட்டுகிற காந்தம் டம்ளரில் ஏன் ஒட்டவில்லை?

வடக்கே தலை வைத்துப் படுத்தால், ரத்தத்தில் இருக்கிற இரும்பைப் பூமியின் காந்தம் மூளைக்கு இழுத்துவிடுமாமே, உண்மையா என்று வாசகி ஒருவர் கேட்டிருந்தார். இழுக்காது. ஏன் என்பதை அடுப்படியிலேயே பார்த்துவிடலாம்.

ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கும் காந்தத்தை இரும்புத் தோசைக்கல்லில் வையுங்கள், டப்பென்று ஒட்டும். எவர்சில்வர் டம்ளரில் வைத்தால் பெரும்பாலும் வழுக்கி விழும். இத்தனைக்கும் அந்த டம்ளரில் சுமார் 70 சதவீதம் இரும்புதான்!

ஒவ்வொரு எலக்ட்ரானும் ஒரு குட்டிக் காந்தம், அணுவுக்குள் ஜோடி சேர்ந்து ஒன்றையொன்று ரத்து செய்துகொள்ளும், இரும்பில் சில ஜோடியில்லாமல் மிஞ்சும். சரி, இதெல்லாம் பள்ளியில் படித்ததுதான். அது மட்டும் போதாது. தோசைக்கல்லில் ஓர் இரும்பணு எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறதோ, குவாண்டம் விதிப்படி பக்கத்து அணுவும் அதே பக்கம் திரும்பும், இப்படிக் கோடிக்கணக்கில் சேர்ந்து பேட்டை பேட்டையாகப் பிரிந்து நிற்கும். பேட்டைக்குப் பேட்டை திசை வேறு என்பதால் கல் சும்மா கிடக்கிறது. காந்தம் கிட்டே வந்ததும் அதற்கு இசைவான பேட்டை பக்கத்துப் பேட்டையை விழுங்கி வளர்கிறது, அதுவும் நிதானமாக அல்ல, எல்லைக்கோடு திடுக் திடுக்கென்று தாவுகிறது. 1919-இல் ஜெர்மனியின் இயற்பியலாளர் பார்க்ஹவுசன் இரும்பைச் சுற்றிக் கம்பிச்சுருள் போட்டு, அந்தத் தாவலைப் பெருக்கி, படபடவென்ற சத்தமாகக் காதால் கேட்டார். எனக்கு இதை நினைத்தாலே சிலிர்க்கும்.

எவர்சில்வரில் சேர்க்கும் நிக்கல் அணுக்களின் அடுக்கையே மாற்றிவிடுவதால் இந்த ஒற்றுமை அமைவதில்லை. ரத்தத்திலோ, ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் என்ற புரதத்தில் ஓர் இரும்பணுவுக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம் இரும்புக்கட்டியில் இருப்பதைவிடச் சுமார் பத்து மடங்கு, ஒவ்வொன்றும் தனியாள். நம் ஊரில் பூமியின் காந்தப்புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா (டெஸ்லா என்பது காந்தப்புலத்தை அளக்கும் அலகு, அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மைக்ரோடெஸ்லா). எம்.ஆர்.ஐ. இயந்திரத்தில் 1.5 டெஸ்லா, அதாவது முப்பத்தைந்தாயிரம் மடங்குக்கும் மேல். அதற்குள் அரை மணி நேரம் படுத்தவர்களுக்கே ரத்தம் தலைக்கு ஏறுவதில்லை.

காந்த வளையல் விற்கிறவர்கள் இதே பொய்யைத்தான் காசாக்குகிறார்கள். எங்கள் பெரியம்மா முழங்கால் வலிக்கு அதை நம்பி இரண்டு வருஷம் டாக்டரிடமே போகவில்லை, எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

ரத்தத்துக்குக் காந்தமே உறைக்காது என்றும் இல்லை. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினைக் காந்தம் துளியூண்டு தள்ளும், ஆக்சிஜன் இறங்கியதைத் துளியூண்டு இழுக்கும். பாலிங், கோரியெல் என்ற வேதியியலாளர்கள் 1936-இல் கண்டது இது. மூளையில் வேலை செய்கிற இடத்துக்கு ஆக்சிஜன் ஏறிய ரத்தம் கூடுதலாகப் பாயும். அந்தச் சின்ன வித்தியாசத்தை வைத்துத்தான், நீங்கள் விரலை மடக்கும்போது மூளையில் எந்த இடம் வேலை செய்கிறது என்று இன்றைக்கு ஸ்கேனில் பார்க்கிறார்கள்.