கறுத்ததெல்லாம் மட்கு உரம் ஆகாது

வீட்டிலேயே தயாரித்த கம்போஸ்டைச் செடிக்குப் போட்டதும் இலைகள் மஞ்சளடித்துவிட்டன, உரம் சூடு போலிருக்கிறது என்று சொல்பவர்கள் நிறைய. பெரும்பாலும் அது சூடான உரமல்ல. உரமாகவே இன்னும் ஆகவில்லை. நிறம் கறுத்து, தோலும் தண்டும் அடையாளம் தெரியாமல் போய்விட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். உள்ளே நுண்ணுயிர்கள் தின்றுகொண்டேதான் இருக்கும். அந்த நிலையில் மண்ணில் கலந்தால், மிச்சமிருக்கும் கரிமப் பொருளைச் சிதைப்பதற்குத் தேவையான தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, அவை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். வேருக்கு எட்ட வேண்டியது குறைந்துபோகும். போதாததற்கு, அரைகுறையாக மட்கிய பொருளில் அசிட்டிக் அமிலம் போன்ற கரிம அமிலங்களும் அம்மோனியாவும் தங்கியிருக்கும். இளம் வேர்களைக் கருக்குவதும் விதைகளை முளைக்கவிடாமல் தடுப்பதும் இவைதான்.

இந்தக் கோளாறு கடைசியில் தெரிந்தாலும் அதன் வேர் பெரும்பாலும் முதல் நாள் கலவையிலேயே இருக்கிறது. எடைக் கணக்கில் ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் கிடைத்தால் நுண்ணுயிர்கள் வேகமாக வேலை செய்யும். காய்கறிக் கழிவிலும் பசும்புல்லிலும் இந்த விகிதம் ஏறத்தாழ 15 முதல் 20 வரைதான். காய்ந்த இலைகளில் 40 முதல் 80 வரை இருக்கும். மரத்தூளிலும் அட்டையிலும் 300-ஐத் தாண்டும். சமையலறைக் கழிவை மட்டும் தொட்டியில் கொட்டிக்கொண்டே போனால் நாறுவதற்கு இது ஒரு காரணம். இன்னொன்று, அந்தக் கழிவின் எடையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் வெறும் தண்ணீர்.

ஒவ்வொரு முறையும் விகிதம் கணக்குப் போட வேண்டியதில்லை. ஒரு வாளி சமையலறைக் கழிவுக்கு இரண்டு வாளி காய்ந்த சருகு. ஈரம் அதிகமான பழக்கழிவு என்றால் மூன்று வாளி. சருகை நொறுக்கிவிட்டால் ஒரு வாளியே போதும். மரத்தூள் என்றால் அரை வாளிக்கு மேல் வேண்டாம். அதில் கார்பன் மிக அதிகம், ஒன்றோடொன்று ஒட்டிப் படிந்து காற்றையும் அடைத்துவிடும். கழிவை இரண்டு முதல் ஐந்து சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கினால் போதும். மிக்ஸியில் அரைத்துப் போட்டால் சீக்கிரம் மட்கும் என்பது தவறான கணக்கு, கூழானதும் காற்றுப் போக இடம் இருக்காது. பச்சை ஒரு அடுக்கு, சருகு ஒரு அடுக்கு என்று போடச் சொல்வார்கள். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் இரண்டையும் கலந்து போட்டு, மேலே மட்டும் ஐந்து சென்டிமீட்டருக்குச் சருகால் மூடுவதுதான் நன்றாக வேலை செய்கிறது.

ஈரத்தைக் கைதான் சொல்ல வேண்டும். குவியலின் நடுவிலிருந்து ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஓரிரு சொட்டு எட்டிப்பார்த்தால் சரி. அது 50 முதல் 60 சதவீத ஈரம். ஒழுகினால் சருகு சேர்க்க வேண்டும். கையைத் திறந்ததும் உதிர்ந்துபோனால் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஈரம் 40 சதவீதத்துக்குக் கீழே போனால் மட்குவது மந்தமாகும், மேலும் காய்ந்தால் ஏறக்குறைய நின்றுவிடும். வெளியே கறுப்பாகவும் உள்ளே அப்படியேயும் இருக்கும் குவியல்கள் பலவும் இப்படிக் காய்ந்து நின்றுபோனவைதான்.

தொட்டி என்றால் பக்கவாட்டில் பத்து சென்டிமீட்டருக்கு ஒன்றாக ஒரு சென்டிமீட்டர் துளைகள், அடியில் வடிகால் துளைகள், தரையிலிருந்து செங்கல் உயரம். உள்ளே முதலில் பத்து சென்டிமீட்டருக்குச் சுள்ளிகள். இவ்வளவுதான் கட்டுமானம். நுண்ணுயிர்க் கரைசல் வாங்கியே ஆக வேண்டும் என்பதில்லை. தோல்களிலும் இலைகளிலும் தேவையான நுண்ணுயிர்கள் ஏற்கெனவே இருக்கின்றன; பழைய மட்கு இரண்டு கைப்பிடி போட்டால் தொடக்கம் இன்னும் சுலபம்.

சூடேறும் குவியல், சூடேறாத தொட்டி

இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளாததால்தான் தோட்டத்தில் களையும் நோயும் பரவுகின்றன. மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி உயரம் கொண்ட குவியலை ஒரே நேரத்தில் அமைத்தால் சில நாட்களில் அதன் நடுப்பகுதி 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை சூடாகும். 20 லிட்டர் வாளியிலும் 60 லிட்டர் டிரம்மிலும் அப்படி ஆகாது. உண்டாகும் சூடு பக்கச் சுவர்கள் வழியே வெளியேறிவிடும். அதிலும் உரம் கிடைக்கும். மூன்று முதல் ஆறு மாதம் பிடிக்கும், அவ்வளவே. ஆனால் களை விதையும் நோய்க்கிருமியும் அதில் சாவதில்லை. ஆகவே சிறு தொட்டியில் விதை பிடித்த களைகளையும் வாடல் நோய் கண்ட செடிகளையும் போடக் கூடாது. கோரைக்கிழங்கையும் அருகம்புல் வேரையும் எந்தக் குவியலிலும் சேர்க்காமலிருப்பதே நல்லது.

பெரிய குவியலிலும் நடுப்பகுதிதான் சூடாகும், ஓரங்கள் ஆறியே கிடக்கும். ஓரத்தை நடுவுக்குக் கொண்டுவரத்தான் புரட்டுகிறோம். கழிவுநீர்க் கசடைத் திறந்தவெளி வரிசைக் குவியல்களில் மட்கவைப்பவர்களுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை விதித்திருக்கும் அளவு: குறைந்தது 15 நாள் 55 டிகிரி அல்லது அதற்கு மேல், அதற்குள் ஐந்து முறையாவது புரட்டல். வீட்டுக் குவியலுக்கு இவ்வளவு கண்டிப்பு தேவையில்லை என்றாலும், ஒரு முறை சூடாகிவிட்டால் எல்லாம் செத்துவிடும் என்ற நம்பிக்கையை இந்த எண்கள் உடைத்துவிடும். நீளமான கம்பித் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்வது நல்ல செலவு. 65-ஐத் தாண்டினாலும் புரட்ட வேண்டும், 45-க்குக் கீழே இறங்கினாலும் புரட்ட வேண்டும். 70 டிகிரியைத் தாண்டினால், மட்கவைக்கும் நுண்ணுயிர்களே மடியத் தொடங்கும்.

கோளாறை மூக்கு முதலில் கண்டுபிடித்துவிடும். அழுகிய முட்டை நாற்றம் என்றால் காற்று போதவில்லை. பிரித்துப் புரட்டிச் சருகு சேர்க்க வேண்டும். மூக்கைத் துளைக்கும் அம்மோனியா வாடை என்றால் நைட்ரஜன் மிகுந்துவிட்டது, செடிக்குப் போக வேண்டிய தழைச்சத்து வாயுவாகப் பறந்துகொண்டிருக்கிறது. கிழித்த அட்டையும் மரத்தூளும் இதற்கு மருந்து. நாற்றத்தைப் போக்கச் சுண்ணாம்பு தூவுவது இந்த இழப்பை இன்னும் அதிகமாக்கும். எறும்பு வந்தால் காய்ந்துவிட்டது என்று பொருள். பழ ஈ வந்தால் மேல்மூடி சரியில்லை. பழுப்பு நிறத்தில் தடித்த, தட்டையான புழுக்களைப் பார்த்து அலறிப் பூச்சிமருந்து அடிப்பவர்கள் உண்டு. அவை பெரும்பாலும் பிளாக் சோல்ஜர் ஈயின் புழுக்கள். கடிக்காது, கழிவை வேகமாகத் தின்று தீர்க்கும். அவை கூட்டமாக வந்தால் ஈரம் கொஞ்சம் கூடுதல் என்று தெரிந்துகொண்டு சருகு சேர்த்தால் போதும். அடியில் வடியும் கறுப்புத் தண்ணீரைத் திரவ உரம் என்று கீரைமீது தெளிக்காதீர்கள். அது காற்றில்லாமல் அழுகிய சாறு, நோய்க்கிருமிகள் இருக்கலாம். சருகின் மேலேயே திரும்ப ஊற்றிவிடுங்கள்.

மாமிசம், மீன், எண்ணெய், பால் பொருட்கள் எலியை அழைத்துவரும். நாய், பூனை மலத்தில் டாக்சோகாரா புழு முட்டைகளும் டாக்சோபிளாஸ்மா ஒட்டுண்ணியும் இருக்கக்கூடும். சிறு தொட்டியின் சூட்டுக்கு இவை அசையாது. பிளைவுட் தூள், பளபளப்புப் பூச்சுள்ள காகிதம் வேண்டாம். மக்கும் என்று அச்சிட்ட பிளாஸ்டிக் பைகளில் பல, தொழிற்கூடக் குவியலின் தொடர்ந்த சூட்டில் மட்டுமே மக்குபவை. எலுமிச்சைத் தோலும் வெங்காயத் தோலும் கூடாது என்பது மண்புழுத் தொட்டிக்கான எச்சரிக்கை. சாதாரணக் குவியலில் தாராளமாகப் போடலாம்.

அதிகம் பேசப்படாத ஆபத்து ஒன்று உண்டு. குளோபைராலிட், அமினோபைராலிட் ஆகிய களைக்கொல்லிகள் அடித்த புல்லை மாடு தின்றால், அந்த மருந்து சாணத்தோடு வெளியே வரும்; குவியலின் சூட்டையும் தாண்டி உரத்தில் தங்கும். சிறிதளவு இருந்தாலே தக்காளி, பீன்ஸ் இலைகள் சுருண்டு கிண்ணம்போல் மடங்கிவிடும். வெளியிலிருந்து வாங்கிய சாணம், வைக்கோல் சேர்த்த உரத்தை அப்படியே பாத்தியில் கொட்டாமல், பாதிக்குப் பாதி மண் கலந்து ஒரு தொட்டியில் மூன்று பீன்ஸ் விதை ஊன்றுங்கள். பக்கத்தில் வெறும் மண்ணில் மூன்று. மூன்று நான்கு வாரத்தில் உண்மை தெரிந்துவிடும்.

முதிர்ந்ததா என்று பார்ப்பது எப்படி

சூடு அடங்கிய பிறகு, லேசான ஈரத்தோடு குறைந்தது ஒரு மாதம் ஆறவிட வேண்டும். பலர் தவறவிடுவது இந்த மாதத்தைத்தான். இந்த நாட்களில்தான் பூஞ்சைகளும், ஆக்டினோமைசீட்கள் என்ற இழைபோல் வளரும் பாக்டீரியாக்களும் கடினமான நார்ப்பகுதியைப் பதம் பார்க்கின்றன. மழை பெய்த மண்ணின் வாசனை வருவது ஆக்டினோமைசீட்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளால். ஆறியதும் ஒரு பிடி ஈரமான மட்கை ஜிப் பையில் போட்டு மூடி மூன்று நாள் வையுங்கள். திறக்கும்போது மண்வாசனை என்றால் நல்லது. புளிப்போ அம்மோனியாவோ அடித்தால் இன்னும் சில வாரம். அடுத்தது, மட்கும் மண்ணும் சமமாகக் கலந்த தட்டில் பத்து முள்ளங்கி விதை, வெறும் மண்ணில் பத்து. ஒரு வாரத்தில் இரண்டும் ஒரே மாதிரி முளைத்து நிமிர்ந்தால் பயன்படுத்தலாம்.

ஒரு சென்டிமீட்டர் சல்லடையில் சலித்து, நிற்கும் கட்டிகளை அடுத்த குவியலில் போட்டுவிடுங்கள். பாத்திக்கு இரண்டு முதல் ஐந்து சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பினால் போதும். செடி வளர்க்கும் தொட்டிக்கான மண் கலவையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை. முழுத் தொட்டியையும் மட்கால் நிரப்பினால் அது அமுங்கி நீர் தேங்கும், உப்பும் கூடும். மட்கில் தழைச்சத்து பொதுவாக 1 முதல் 2 சதவீதம்தான், அதுவும் மெல்ல மெல்லத்தான் கிடைக்கும். நிறையக் காய்க்கும் செடிகளுக்கு வேறு ஊட்டமும் வேண்டியிருக்கும்.

காய்ந்த மட்கைக் கிளறும்போது ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை வித்துகள் பறக்கும். லெஜியோனெல்லா லாங்பீச்சே என்ற நிமோனியாக் கிருமியும் மட்கில் வாழக்கூடியது. முதலில் லேசாகத் தண்ணீர் தெளித்து, முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு, திறந்தவெளியில் கிளறுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களும் நோய் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களும் இந்த வேலையை வீட்டில் வேறொருவரிடம் விட்டுவிடுவது நல்லது.