ஜென்ட்ரிஃபிகேஷன்: மேட்டுக்குடியாக்கமா, மேட்டுக்குடியேற்றமா?

ஏழைகள் வாழும் பகுதியில் வசதியானவர்கள் குடியேற, பழையவர்கள் வெளியேற நேர்வதைத்தான் ஆங்கிலத்தில் 'ஜென்ட்ரிஃபிகேஷன்' என்கிறார்கள். பிறக்கும்போதே கேலியோடு பிறந்த சொல் இது. பெர்லினில் பிறந்து லண்டனில் வாழ்ந்த சமூகவியலாளர் ரூத் கிளாஸ் 1964இல் இதை உருவாக்கினார். 'ஜென்ட்ரி' என்றால் இங்கிலாந்தில் பிரபுக்களுக்கு அடுத்த படியில் இருந்த நிலக்கிழார்கள். பழைய பிரெஞ்சு வழியாக அதன் வேர் 'ஜென்ஸ்' என்ற லத்தீன் சொல்லுக்குப் போகிறது. அதற்கு நம் 'குடி' என்றே பொருள் சொல்லலாம்.

அவர் கண்ணெதிரே நடந்தது இதுதான்: கீழே இரண்டறை, மேலே இரண்டறை கொண்ட தொழிலாளர் வீடுகள், மாடியில் வண்டியோட்டிகள் குடியிருந்த பழைய குதிரை லாயங்கள் எல்லாவற்றையும் குத்தகை முடிய முடிய நடுத்தர வர்க்கத்தார் வாங்கிப் புதுப்பித்தார்கள். விலை ஏறியது. பழைய குடித்தனக்காரர்கள் பெட்டியைக் கட்டினார்கள். லாயத்தில் குடியேறிய நிலக்கிழார்! குத்தல் அங்கேதான் இருக்கிறது.

அப்போது வந்தது உள்ளூர்ப் பணம். 1986இல் லண்டன் நிதிச் சந்தையின் கட்டுப்பாடுகள் தளர்ந்தபின் உலகப் பணம் வந்தது. கப்பல்துறைகள் மூடிக் கிடந்த கிழக்கு லண்டனில் கேனரி வார்ஃப் என்ற வங்கிக் கோபுரக் கூட்டம் எழுந்தது. அதன் நிழல் விழும் தூரத்திலேயே துறைமுகத் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்த அரசுக் குடியிருப்புகள்.

இதைத் தமிழில் 'நகர மேம்பாடு' என்று எழுதினால் வெளியேறியவர்கள் காணாமல் போய்விடுகிறார்கள். 'மேட்டுக்குடியாக்கம்' பரவாயில்லை, 'மேட்டுக்குடி'யில் கேலி இருக்கிறது. ஆனால் 'ஆக்கம்' சிக்கல்: அங்கிருந்த ஏழைகளே மேட்டுக்குடி ஆகிவிட்டார்கள் என்று படிப்பவர் நினைக்கக்கூடும். மாறியது தெருதானே! என் ஓட்டு 'மேட்டுக்குடியேற்றம்' என்பதற்கு. மேட்டுக்குடி ஒன்று குடியேறுகிறது என்பது அதில் நேராகத் தெரிகிறது. 'ஏற்றம்' என்பதில் வாடகை ஏற்றமும் ஒட்டிக்கொள்கிறது.

சென்னையில் எல்லாவற்றுக்கும் இதைப் போட்டுவிடக் கூடாது. கூவம், அடையாற்றங்கரை மக்கள் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் போனது யாரோ வீடு வாங்கிக் குடிவந்ததால் அல்ல, அரசு அனுப்பியதால். கோப்பில் அதற்கு 'மறுகுடியமர்வு' என்று பெயர். அந்த மக்களைக் கேட்டால் 'எங்கள காலி பண்ணிட்டாங்க' என்பார்கள்.