ஹார்ட் டிஸ்க் மேல் போட்டிருக்கும் வேகம் எந்தக் கணக்கு?

போன மாதம் ஒரு போட்டோ ஸ்டுடியோக்காரர் 80 ஜிபி ஐடிஇ ஹார்ட் டிஸ்க் (பட்டைக் கேபிளில் மாட்டும் பழைய வகை) ஒன்றைத் துண்டில் சுற்றி, டேட்டா மீட்டுக் கொடுக்கும் என்னிடம் எடுத்து வந்தார். உள்ளே பல வருஷத்துக் கல்யாணப் படங்கள். யுஎஸ்பி கன்வர்ட்டர் வாங்கி, லேப்டாப்பில் மாட்டி, அவரே காப்பி போட்டுப் பார்த்திருக்கிறார்.

"டிஸ்க்ல 133னு போட்டிருக்கு அண்ணே. பத்து நிமிஷத்துல முடியணும். அரை மணி நேரம் ஆகியும் பாதிகூட வரல. ஹேங் ஆயிடுச்சுன்னு பிடுங்கிட்டேன்."

"எத்தனை தடவை?"

"நாலு தடவை இருக்கும்."

டிஸ்க் ஹேங் ஆகவே இல்லை. வயதான டிஸ்க்கை ஓடிக்கொண்டிருக்கும்போதே நாலு முறை பிடுங்கி மாட்டியதில்தான், என்னிடம் வரும்போது சில இடங்களில் படிக்கத் திணறிக்கொண்டிருந்தது.

அவர் போட்ட வகுத்தலில் பிழை இல்லை. 80,000 மெகாபைட்டை 133-ஆல் வகுத்தால் சுமார் 600 நொடி, பத்து நிமிஷம்தான். ஆனால் 133 என்பது கேபிள் வழியாக நொடிக்கு அதிகபட்சம் எத்தனை மெகாபைட் போகலாம் என்ற எல்லை. அந்தக் காலத்து 80 ஜிபி டிஸ்க்கின் உள்ளே சுழலும் தட்டிலிருந்து நொடிக்கு 40, 50 மெகாபைட் வந்தாலே நல்ல வேகம். தட்டின் உள்வட்டத்துக்குப் போகப் போக அதுவும் குறையும். நடுவில் அவர் வைத்ததோ யுஎஸ்பி 2.0. அதன் 480 என்பது மெகாபிட். 8 பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். 8-ஆல் வகுத்தால் 60 மெகாபைட், கைக்கு வருவது 30 சொச்சம். நொடிக்கு 30 என்று வைத்தாலே 80 ஜிபிக்கு முக்கால் மணி நேரம் ஆகும். ஆயிரக்கணக்கில் சின்னச் சின்ன ஃபைல் இருந்தால் இன்னும் இழுக்கும்.

பழைய டிஸ்க்குகளில் வேகத்தை ஒரே அளவில் எழுதும் வழக்கம் இருந்ததில்லை. 1980-இல் வந்த சீகேட் எஸ்டி-506 டிஸ்க்குக்கு நொடிக்கு 5 மெகாபிட் என்று சொன்னார்கள். 8-ஆல் வகுத்தால் 6,25,000 பைட். ஆனால் ஒரு டிராக்கில் (தட்டின் ஒரு வட்டத்தில்) 17 செக்டர் (அந்த வட்டத்தின் துண்டுகள்), செக்டருக்கு 512 பைட், நொடிக்கு 60 சுற்று என்று பெருக்கினால் 5,22,240 பைட்தான் நம் டேட்டா. மிச்சம் செக்டர் அடையாளத்துக்கும் இடைவெளிக்கும் போய்விடும்.

ஐடிஇயில் பிராசஸரே டேட்டாவை நகர்த்தும் பழைய, மெதுவான முறைக்கு பிஐஓ என்று பெயர். அதன் மோடுகளை நேர அளவில் குறிப்பார்கள். மோடு 0-இல் ஒரு தடவை அனுப்ப 600 நானோ நொடி. ஒவ்வொரு தடவையும் 16 பிட், அதாவது 2 பைட் போகும். நொடிக்கு 16,66,666 தடவை, ஆக 33 லட்சம் பைட், 3.3 மெகாபைட். மோடு 4-இல் 120 நானோ நொடி என்பதால் 16.7 மெகாபைட். ஸ்கஸி என்ற இன்னொரு பழைய இணைப்பு வகையில் மெகாஹெர்ட்ஸ் எழுதியிருந்தால் கேபிள் அகலத்தால் பெருக்க வேண்டும்: 10 மெகாஹெர்ட்ஸ், 8 பிட் என்றால் 10 மெகாபைட், 16 பிட் என்றால் 20.

இந்த பிஐஓ கணக்கு இன்றைக்கும் தேவைப்படுகிறது. விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் மெஷின்கள் சில பட்டறைகளிலும் லேப்களிலும் இன்னும் இருக்கின்றன. டேட்டா பரிமாற்றத்தில் பிழைகள் சேரச் சேர எக்ஸ்பி தானாகவே வேகத்தை ஒவ்வொரு படியாக இறக்கி, கடைசியில் பிஐஓவில் கொண்டுவந்து நிறுத்திவிடும். மோடு 0-இன் 3.3 மெகாபைட் வேகத்தில் அதே 80 ஜிபிக்கு 6 மணி 40 நிமிஷம். டிஸ்க் செத்துவிட்டது என்று தூக்கிப் போடுவதற்கு முன் டிவைஸ் மேனேஜரில் ஐடிஇ சேனலைத் திறந்து எந்த மோடு என்று பாருங்கள்.

கேபிளையும் பாருங்கள். 40 கம்பி, 80 கம்பி இரண்டுக்கும் பிளக் ஒன்றுதான். விரலால் தடவினால் 40 கம்பியில் வரிகள் தடித்து நெருடும், 80 கம்பி நைசாக இருக்கும். 133 டிஸ்க்கை 40 கம்பி கேபிளில் மாட்டினால் 33-க்கு மேல் போகாது.

ஐடிஇக்குப் பின் வந்த சாட்டா இணைப்புக்கு வந்தால் 8-ஆல் வகுக்கக் கூடாது. 1.5 கிகாபிட் என்பதை 8-ஆல் வகுத்து 187 என்று சொல்பவர்களைத் தினமும் பார்க்கிறேன். அதில் 8 பிட் டேட்டாவை 10 பிட்டாக மாற்றித்தான் அனுப்புகிறார்கள். ஆகவே 10-ஆல் வகுக்க வேண்டும்: 150 மெகாபைட். 3 கிகாபிட்டுக்கு 300, 6-க்கு 600. "133-ஐவிட 6 எப்படி அண்ணே வேகம்?" என்று கேட்கும் தம்பிகளுக்கு இதைத் தாளில் எழுதியே காட்டுகிறேன். ஆங்கிலத்தில் சின்ன பி (b) என்றால் பிட், பெரிய பி (B) என்றால் பைட். சந்தேகம் வந்தால் முதலில் அந்த எழுத்தைப் பார்ப்பேன். இன்னொரு சின்ன வித்தியாசமும் உண்டு. டிஸ்க் கம்பெனிக்கு மெகாபைட் 10,00,000 பைட், விண்டோஸுக்கு 10,48,576. அதனால் 133 என்பது திரையில் 127 ஆகத் தெரியும். அது கோளாறு இல்லை.

ஸ்டுடியோக்காரரின் டிஸ்க்கை யுஎஸ்பியில் போடாமல், ஐடிஇ போர்ட் உள்ள பழைய மதர்போர்டில் 80 கம்பி கேபிளால் நேராக மாட்டினேன். நல்ல பகுதிகளை முதலில் இமேஜ் (டிஸ்க்கில் இருப்பதன் அப்படியே நகல்) எடுத்துவிட்டு, திணறும் இடங்களைக் கடைசிக்கு ஒதுக்கினேன். சில நேரம் நொடிக்கு 1 மெகாபைட்கூட வரவில்லை, ஆனாலும் எண் நகர்ந்துகொண்டிருந்தது, அதனால் கை வைக்கவில்லை. இரண்டு ராத்திரி ஓடியது. இரண்டு கல்யாணத்துப் படங்கள் மட்டும் வரவில்லை. அந்த இரண்டு வீட்டுக்கும் நேரில் போய்ச் சொல்லிக்கொள்கிறேன் என்று எழுந்து போனார்.