காற்று வரும்போது களத்தில் என்ன இருக்கிறது?

தொழில்வழி ஆலோசகராகப் பணிபுரியும் நான், நேர்முகத் தேர்வில் வாய்ப்பை இழந்தவர்களிடமிருந்து அடிக்கடி கேட்பது, "அவருக்கு நேரம் நன்றாக இருந்தது" என்ற வார்த்தையைத்தான். அதில் உண்மை இல்லாமல் இல்லை. பிறந்த சூழலும் உடல்நலமும் பொருள்வசதியும் எல்லோருக்கும் ஒன்றுபோல் அமைவதில்லை. அவற்றை உழைப்பால் மட்டுமே சரிக்கட்டிவிடலாம் என்று சொல்வது நியாயமாகாது. ஆனால், காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ள வேண்டுமானால், அதற்கு முன்பே கதிரடித்து வைத்திருக்க வேண்டும் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு பெண், கணக்குப் பிரிவில் உதவியாளராக இருந்தார். அன்றாட வேலையில் கண்ணில் பட்ட ஒவ்வொரு பிழையையும், அது ஏன் நேர்ந்தது, எப்படிச் சரிசெய்யப்பட்டது என்பதையும் ஒரு நோட்டில் மூன்று நான்கு வரிகளில் எழுதிவைப்பது அவருடைய வழக்கம். தணிக்கை நடந்த வாரத்தில் அவருடைய மேலதிகாரி திடீரென்று விடுப்பில் செல்ல நேர்ந்தபோது, தணிக்கையாளரின் கேள்விகளுக்கு, ஓரங்கள் சுருண்டுபோன அந்த நோட்டைப் புரட்டிப் புரட்டி அவரே பதில் சொன்னார். சில மாதங்களில் பதவி உயர்வு வந்தது. உடன் பணிபுரிந்தோர் அதை அதிர்ஷ்டம் என்றார்கள். அந்த நோட்டை அவர்களில் யாரும் பார்த்ததில்லை.

1928 செப்டம்பரில், விடுமுறை முடிந்து லண்டன் ஆய்வகத்துக்குத் திரும்பிய அலெக்சாண்டர் ஃபிளெமிங், பாக்டீரியா வளர்க்கும் தட்டு ஒன்றில் பூஞ்சை படிந்து, அதைச் சுற்றியிருந்த பாக்டீரியாக்கள் அழிந்திருப்பதைக் கண்டார். பூஞ்சை விழுந்தது தற்செயல்தான். ஆனால் அவர், கண்ணீரிலும் சளியிலும் உள்ள, பாக்டீரியாவைக் கரைக்கும் லைசோசைம் என்ற பொருளைப் பற்றி 1922லேயே அறிவித்திருந்தவர். அத்தகைய அழிவைக் கண்டவுடன் அடையாளம் காண்பதற்கு அவருடைய கண் முன்பே பழகியிருந்தது. அதன்பிறகும், அந்தப் பூஞ்சையிலிருந்து கிடைத்த பெனிசிலின் மருந்தாக உருவெடுக்க, ஆக்ஸ்ஃபோர்டில் ஃப்ளோரி, செயின் ஆகியோரின் குழு ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டியிருந்தது.

தயாரிப்பு என்றவுடன் கடைசி இரவின் கண்விழிப்பை நினைப்பவர்களுக்கு, ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்காஸ் 1885இல் வெளியிட்ட ஆய்வை எடுத்துச் சொல்வேன். பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து பார்த்த அவர், ஒரே நாளில் 68 முறை படித்ததால் கிடைத்த பலன், மூன்று நாள்களுக்குப் பிரித்து 38 முறை படித்தபோதே கிடைத்துவிட்டதைக் கண்டார். நாள்தோறும் அரைமணி நேரம் ஒதுக்குவது, அவசரத்தில் விடிய விடிய உட்காருவதைவிட உண்மையில் சிக்கனமானது.

பயோடேட்டாவைப் பலர் அழைப்பு வந்த இரவில்தான் தேடி எடுக்கிறார்கள். செய்த வேலைகளில் பாதி அதற்குள் மறந்துபோயிருக்கும். ஆகவே முதல் சந்திப்பிலேயே, இந்த மாதம் செய்து முடித்த வேலைகளை ஒரு தாளில் எழுதச் சொல்கிறேன். பெரும்பாலோருக்கு இரண்டு வரிக்கு மேல் வருவதில்லை. அடுத்த மாதமும் அதே தாளைக் கொண்டுவரச் சொல்லி அனுப்புகிறேன்.